நீமோவுக்கு வெள்ளைப் புள்ளி!

செமஸ்டர் லீவில் ரீஃப் டேங்கை என் தலையில் கட்டிட்டு அண்ணன் துபாய் போயிட்டார். மூணாம் நாளே க்ளவுன் மீன்மேல உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி! கடைக்காரர் காப்பர் மருந்தை நீட்டி, "அப்படியே ஊத்துங்க தம்பி"ன்னார். நல்லவேளை, ஊத்தலை. ஊத்தியிருந்தா இறால், பவளம் எல்லாம் காலி. பாறையும் காப்பரைக் குடிச்சு வெச்சுக்கும்.

க்ரிப்டோகேரியான்ங்கிற இந்த ஒட்டுண்ணி மீன் தோலுக்குள்ள பதுங்கியிருக்கும்போது மருந்து தொடாது. கீழே விழுந்து, உறைக்குள் பெருகி, குஞ்சா நீந்தி வரும்போதுதான் சாகும். அதனால மீன் அத்தனையையும் வேற தொட்டிக்கு மாத்தி, அங்கே மட்டும் டெஸ்ட் கிட்டில் அளந்து காப்பர். புள்ளி மறைஞ்சாலும் அவசரப்படாதீங்க மக்களே! பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடணும்ங்கிறதுதான் அனுபவசாலிகள் கணக்கு.

போனில் சொன்னேன். "நீமோ எங்கடா?"ன்னு மட்டும் கேட்டார்.

பிளாஸ்டிக் டப்பில், ஹீட்டரோட, என் கட்டிலுக்குப் பக்கத்துல அண்ணா!