சிக்னல் போனாலும் பேசும் 5 வாட்ஸ்

2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை வண்ணார்பேட்டையின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. மாவட்டத்தில் பல இடங்களில் கரன்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து தகவல் அனுப்பி உதவியவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். நெல்லையிலும் அப்படிச் சிலர் தயாராக இருக்க வேண்டாமா?

'மோர்ஸ் கோடா? அது தாத்தா காலத்து சமாச்சாரமாச்சே!' என்று சிரிக்க வேண்டாம். பேச்சை அனுப்ப சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 போதும். சக்தி சிதறாததால், எல்இடி பல்பைவிடக் குறைந்த 5 வாட்ஸிலேயே, ஒரு பேட்டரியை வைத்துக் கண்டம் தாண்டலாம்.

நவம்பர் கடைசி வார இறுதியில் 48 மணி நேரம் நடக்கும் உலக மோர்ஸ் போட்டியில் 5 வாட்ஸுக்குத் தனிப் பிரிவே உண்டு. இரைச்சலுக்கு நடுவே மெல்லிய சிக்னலைப் பிடித்து, தப்பில்லாமல் எழுத வேண்டும். வெள்ளத்தன்று தேவைப்படுவதும் அதே திறமைதான். நெல்லைக் கல்லூரிகள் மாணவர்களை ஹாம் உரிமத் தேர்வுக்குத் தயார்படுத்தட்டும். ஆறு பொங்கிய பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.