13 ஜெர்சி, ஒரே ஆள்

இஷ் ஸ்மித். இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து என்.பி.ஏ. பார்க்கிற ஆட்களுக்குக்கூட சட்டென்று ஞாபகம் வராது. லெப்ரான், கரி, யோக்கிச் என்று பேசுகிற இடத்தில் இவர் பேர் வர வாய்ப்பே இல்லை. 14 சீசன் ஆடிய ஒரு பாயின்ட் கார்டு. ஒரு தடவைகூட ஆல்-ஸ்டார் ஆனதில்லை. ஆனால் ஒரு ரெக்கார்டு இவர் கையில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் மொத்தம் 30 டீம். அதில் 13 டீமுக்கு ஆடியிருக்கிறார். அவருக்கு முன்னாடி யாரும் 12-ஐத் தாண்டினதில்லை.

இதை நம்ம பசங்ககிட்ட சொன்னா ரெண்டு பதில்தான் வரும். ஒன்று: "பாவம்டா, 12 டீம் வேணாம்னு துரத்திவிட்டிருக்கு." இரண்டாவது, ரீல்ஸ் பார்த்துப் பழகின பதில்: "செம மோட்டிவேஷன் மச்சி, விழுந்து விழுந்து எழுந்திருக்கான்."

ரெண்டுமே தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. பிளேஸ்மென்ட் சீசன் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு அமெரிக்க பேஸ்கட்பால் பிளேயரைப் பற்றி ஏன் எழுதணும் என்று கேட்டால், இந்த நேரத்தில்தான் எழுதணும். ஏன் என்று படிக்கப் படிக்கப் புரியும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். உயரம் 6 அடி. நம்ம ஊரில் அது உயரம். சராசரியே ஆறரை அடியைத் தொடுகிற அந்த லீகில் அது குள்ளம். வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டியில் நாலு வருஷம் ஆடிவிட்டு 2010 டிராஃப்டுக்கு வந்தார். டிராஃப்ட் என்றால் கிட்டத்தட்ட நம்ம கேம்பஸ் மாதிரிதான். டீம்கள் வரிசையாகப் புது ஆட்களை எடுப்பார்கள். அந்த வருஷம் 60 பேர் கூப்பிடப்பட்டார்கள். ஸ்மித் பேர் அந்த 60-ல் இல்லை.

ஹூஸ்டன் டீமில் எப்படியோ இடம் பிடித்தார். அப்புறம் மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ். முதல் 6 சீசனில் 9 டீம்! செமஸ்டருக்கு ஒரு ரூம் மாறுற நமக்கே எரிச்சலா வரும். இவர் ஊரே மாறினார்.

இப்போ 2015-ம் வருஷத்துக்கு மட்டும் கொஞ்சம் நிதானமா வாங்க. என் வாதம் மொத்தமும் அந்த ஒரு வருஷத்தில்தான் இருக்கு.

2015 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது. சீசன் முடிந்ததும் தக்கவைத்துக்கொள்ளவில்லை. போனார். வாஷிங்டன் டீமின் டிரெய்னிங் கேம்ப்புக்குப் போனார். சீசன் தொடங்குவதற்கு முன்பே அவர்களும் விட்டுவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. அதே நேரத்தில் ஃபிலடெல்ஃபியாவில் என்ன நடந்தது? வரிசையாக முதல் 18 மேட்சும் தோல்வி. டிசம்பர் கடைசி வாரத்தில் கணக்கு 1 வெற்றி, 30 தோல்வி. நெர்லன்ஸ் நோயல், ஜாலில் ஒகஃபோர் என்று இரண்டு இளம் உயரமான ஆட்கள் இருந்தார்கள். சரியான நேரத்தில் சரியான இடத்தில் பந்தை அவர்கள் கையில் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் ஃபிலடெல்ஃபியா என்ன செய்தது தெரியுமா? இரண்டு செகண்ட் ரவுண்டு டிராஃப்ட் பிக்கை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து, அதே இஷ் ஸ்மித்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

கோடையில் சும்மா விட்டுவிட்ட ஆளை டிசம்பரில் விலை கொடுத்து வாங்கினார்கள். இந்த இடைவெளியில் ஸ்மித் ஒன்றும் வேற பிளேயர் ஆகிவிடவில்லை. அதே வேகம், அதே உயரம், அதே சுமாரான 3 பாயின்ட் ஷாட். மாறினது ஃபிலடெல்ஃபியாவின் தேவை மட்டும்தான். அவர் வந்து ஃபிலடெல்ஃபியா சாம்பியன் ஆகிவிட்டதா என்றால், இல்லை. 10 வெற்றி, 72 தோல்வியில் சீசன் முடிந்தது. ஆனால் அந்த 10-ல் 9 வெற்றி அவர் வந்த பிறகு கிடைத்தவை. அடுத்த கோடையில் டெட்ராய்ட் அவருக்கு 3 வருஷத்துக்கு 18 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

அதனால்தான் சொல்கிறேன். "வேணாம்னு துரத்திட்டாங்க" என்று படிப்பது தப்பு. ஒரு டீம் வேண்டாம் என்று சொல்வது ஆளைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. அந்த மாசம் அவங்களுக்கு என்ன தேவை என்பதைப் பற்றிய தகவல்.

இன்னொரு உதாரணம். அதே 2010 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜான் வால். 5 தடவை ஆல்-ஸ்டார். 2019-ல் அவர் காயத்தில் இருந்தார், 2019-20 சீசன் முழுக்க ஆடவே இல்லை. பந்தைக் கொண்டுபோக வாஷிங்டனுக்கு ஆள் தேவைப்பட்டது. எடுத்த ஆட்களில் ஒருவர், நாலு வருஷம் முன்னாடி இதே வாஷிங்டன் கேம்ப்போடு அனுப்பிவைத்த இஷ் ஸ்மித். இதை வைத்து வாலை விட ஸ்மித் பெரிய ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் டிராஃப்ட் நாளன்று போட்ட ரேங்க் லிஸ்ட் ஒன்பது வருஷம் கழித்து யாருக்கு என்ன வேலை என்பதைச் சொல்லாது.

ரேங்க் லிஸ்டின் உச்சியில் இருந்தவர்களும் இப்படி ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். ஸ்மித்துக்கு முன்னாடி 12 டீம் ரெக்கார்டை நாலு பேர் பங்குபோட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் ஜோ ஸ்மித். 1995 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவரே அவர்தான்!

சரி, அப்போ 13 டீம் ஏன் இவரை நம்பிக் கூப்பிட்டது? இங்கே ஒரு திறமை இருக்கு, அது ஸ்கோர்போர்டில் தெரியாது. என்.பி.ஏ. மேட்ச் 48 நிமிஷம். ஸ்டார் பாயின்ட் கார்டு 35 நிமிஷம் போல ஆடுவார். மிச்ச நேரம் அவர் உட்கார்ந்திருக்கும்போது டீம் கவிழாமல் பார்த்துக்கொள்ளணும். அதுதான் பேக்கப் கார்டு வேலை. அதிலும் சீசன் நடுவில் வருகிறவருக்கு அந்த டீமின் பாஷையே தெரியாது. கோர்ட்டின் ஓரத்தில் வரும் பிக் அண்ட் ரோலைத் தடுக்கிற ஒரே உத்திக்கு ஒரு டீமில் 'ஐஸ்' என்று பேர், இன்னொரு டீமில் 'டவுன்', மற்றொன்றில் 'ப்ளூ'. இதெல்லாம் ஓரிரு நாளில் தலையில் ஏறணும். அடுத்த மேட்சிலேயே நாலு பேரை நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வைக்கணும். புது கோட்பேஸ் கையில் கொடுத்து நாளைக்கே பக் ஃபிக்ஸ் பண்ணு என்று சொல்கிற மாதிரி. அதை 13 இடத்தில் செய்த ஆளை "செட் ஆகாதவன்" என்று சொல்வது அநியாயம்.

இப்போ அந்த மோட்டிவேஷன் ரீல்ஸுக்கு வருவோம். "விடாமுயற்சி இருந்தா போதும்" என்று சொன்னால் பாதிக் கதையை மறைக்கிறோம். கேம்ப்போடு முடிந்துபோனவர்கள் நிறைய. அவர்களிடமும் விடாமுயற்சி இருந்திருக்கும். ஸ்மித் மாதிரி ஆள் 14 சீசன் நிற்க முடிந்ததற்கு முயற்சி மட்டும் காரணம் இல்லை. விதிமுறைகளும் ஒரு காரணம்.

என்.பி.ஏ.வில் அனுபவம் கூடக் கூட மினிமம் சம்பளமும் கூடும். அப்போ டீம் என்ன யோசிக்கும்? "சீனியருக்குப் பதிலா ஜூனியரை எடுத்தா மலிவு" என்றுதான். அதைத் தடுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு வருஷ மினிமம் ஒப்பந்தத்தில் சீனியரை எடுத்தால், 2 வருஷ அனுபவம் உள்ளவருக்குக் கொடுக்கும் தொகைக்கு மேல் போவதை லீகே டீமுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அதேபோல் 3 சீசன் ஆடினால் பென்ஷனுக்குத் தகுதி உண்டு. கேரண்டி இல்லாத ஒப்பந்தம்கூட ஜனவரி 10 தாண்டினால் அந்த சீசன் முழுக்க உறுதி.

இதெல்லாம் ஓனர்கள் மனசு இறங்கிக் கொடுத்தது இல்லை. 1964 ஜனவரியில், பாஸ்டனில், ஆல்-ஸ்டார் மேட்ச் தொடங்க வேண்டிய நேரம். டிவி காத்திருந்தது. பில் ரஸல், ஆஸ்கார் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட் உள்ளிட்ட அன்றைய பெரிய ஸ்டார்கள் லாக்கர் ரூமை விட்டு வெளியே வரவில்லை. பென்ஷன் திட்டத்துக்கு உறுதி கிடைத்த பிறகுதான் கோர்ட்டுக்குள் காலை வைத்தார்கள். அந்தப் பென்ஷன் அவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்த ஆட்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

இப்போ நம்ம பக்கம் திரும்புங்க. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் ஜாயினிங் தேதி வராமல் மாசக்கணக்கில் காத்திருந்த சீனியர்கள் உங்களுக்கும் தெரிந்திருப்பார்கள். ரெண்டு வருஷ பாண்ட், மூணு மாச நோட்டீஸ் பீரியட் எல்லாம் நமக்குச் சகஜமாகிவிட்டது. நமக்கு ஜனவரி 10 மாதிரி ஒரு தேதி கிடையாது. அதைக் கேட்கணும் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. ஏன்னா லிஸ்டில் பேர் வந்தவன் ஜெயிச்சவன், வராதவன் தோத்தவன் என்ற கணக்கிலேயே நாம் மூழ்கிவிட்டோம்.

"அவர் கோடிக்கணக்குல சம்பாதிச்ச ஆளு, நம்ம கதை வேறடா" என்று நீங்க சொல்வது கேட்குது. நியாயம்தான். உலகத்தின் டாப் 450 இடத்தில் ஒன்றில் இருந்தவரோடு நம்மை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அந்த அளவு திறமை உள்ளவருக்கே விதிமுறைகளின் பாதுகாப்பு தேவைப்பட்டது என்றால், நமக்கு எவ்வளவு தேவைப்படும்?

ஸ்மித்துக்கு 2023-ல் டென்வர் டீமோடு சாம்பியன்ஷிப் மோதிரமும் கிடைத்தது. அதுதான் அவரது 13-வது டீம். அந்த ப்ளேஆஃபில் அவர் ஆடிய நிமிஷங்கள் ரொம்பக் கம்மி. அதற்கடுத்த சீசனில், ஏற்கெனவே ஆடின, சொந்த ஊரான சார்லட்டுக்கே திரும்பப் போய் ஆடினார்.

அடுத்த லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது இரண்டு விஷயம் செய்யுங்க. பேர் வந்த ஃபிரண்டிடம் "எத்தனை லட்சம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஜாயினிங் தேதி எழுத்தில் இருக்கா, பாண்டில் என்ன போட்டிருக்கு என்று உட்கார்ந்து சேர்ந்து படிங்க. பேர் வராத ஃபிரண்டிடம் "பரவால்ல மச்சி, விடாம ட்ரை பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீங்க. இந்தக் கம்பெனிக்கு என்ன தேவைப்பட்டது, இவனால் எங்கே போய் நாளைக்கே வேலையைத் தொடங்க முடியும் என்று அவனோடு உட்கார்ந்து யோசிங்க. அதுக்கு ஒரு டீ செலவு ஆகும், அவ்வளவுதான்.