செர்னோபில்: கோ-லைவ் முடிஞ்சப்புறம் யாரு இருப்பா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் நான் இருக்கிறது புரொடக்‌ஷன் சப்போர்ட்ல. ராத்திரி 2 மணிக்குப் போன் அடிச்சா எடுக்கிற ஜாதி. அதனால இந்தப் பதிவுல கொஞ்சம் வயித்தெரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்குங்க :-)

விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் மதியம் சாப்பிடும்போது டீம்ல ஒரு பையன், 2019ல வந்த செர்னோபில் தொடரை இப்பத்தான் பாத்து முடிச்சேன்னு சொன்னான். அப்படியே உணர்ச்சிவசப்பட்டு, "எங்கயாவது மறுபடி இப்படி நடந்தா, வேலையத் தூக்கிப் போட்டுட்டு முதல் ஃப்ளைட்ல போயிடுவேன் ஜி"ன்னான். நல்ல மனசுதான். ஆனா கதிர்வீச்சு விஷயத்துல முதல் ஃப்ளைட்டுக்கு எப்பவும் ஆள் இருக்கு. அஞ்சாவது வருஷத்துக்குத்தான் ஆள் இல்லை. இதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

1986 ஏப்ரல் 26. நாலாவது அணு உலை வெடிக்குது. தீயணைப்பு வீரர்கள், உலைப் பணியாளர்கள்னு 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியாச்சு. மோசமான நிலையில இருந்தவங்களை மாஸ்கோவின் 6ஆம் எண் மருத்துவமனைக்குக் கொண்டு போனாங்க. அமெரிக்காவிலிருந்து டாக்டர் ராபர்ட் கேல் பறந்து வந்தார். பனிப்போர் காலத்துல அது எவ்வளவு பெரிய செய்தின்னு நினைச்சுப் பாருங்க. உலகம் பூரா டிவியில அவர் முகம்.

சோவியத் டாக்டர்களோட சேர்ந்து 13 பேருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செஞ்சாங்க. மூணு வருஷம் தாண்டி உயிரோட இருந்தது 2 பேர்.

இதுல கேல் மேல தப்பு சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, எண்ணமும் இல்லை. சிக்கல் வேற. டோஸ் குறைவா இருந்தா மஜ்ஜை தானாவே மீண்டுடும். ரொம்ப அதிகமா இருந்தா மஜ்ஜையைக் காப்பாத்தினாலும், தோல் எரிஞ்சு, குடல் கெட்டு ஆள் போயிடுவார். நடுவுல ஒரு சின்ன இடைவெளியிலதான் இந்தச் சிகிச்சைக்கு வேலை. அந்த வருஷத்துக்குள்ள 28 பேர் இறந்துட்டாங்க. கேமராக்காரங்களும் கிளம்பிட்டாங்க.

உண்மையான பெரிய பாதிப்பு அப்ப மாஸ்கோவுல இல்லை. கிராமத்துல, பால் டம்ளர்ல இருந்தது.

உலையிலிருந்து வெளியான அயோடின்-131 புல்லுல படிஞ்சு, அதை மாடு மேய்ஞ்சு, பால் வழியா குழந்தைகளோட தைராய்டுக்குப் போச்சு. அந்தப் பகுதியில ஏற்கனவே உணவுல அயோடின் பத்தாக்குறை. காஞ்ச பூமி தண்ணிய உறிஞ்சற மாதிரி தைராய்டு உறிஞ்சிடுச்சு. இதோட அரை ஆயுள் 8 நாள்தான். 80 நாள்ல ஆயிரத்துல ஒரு பங்காயிடும். அதாவது சில வாரம் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதி தப்பிச்சிருக்கலாம். பக்கத்துல போலந்து ஏப்ரல் 29லயே ஆரம்பிச்சு ஒரு கோடிக் குழந்தைகளுக்கு மேல அயோடின் மருந்து குடுத்துட்டாங்க. சோவியத்ல பல கிராமங்களுக்கு யாரும் எதுவும் சொல்லலை.

அந்தக் கணக்கு நாலு வருஷம் கழிச்சு வந்தது. 1990 வாக்குல பெலாரஸ் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் கூட ஆரம்பிச்சது. 1992ல அந்த ஊர் டாக்டர்கள் 'நேச்சர்' இதழ்ல எழுதினப்ப, "இவ்வளவு சீக்கிரம் வர வாய்ப்பில்லையே"ன்னு வெளிநாட்டு நிபுணர்கள் பலர் சந்தேகப்பட்டாங்க.

இந்த இடத்துலதான் எனக்குப் பிடிச்ச ஆளுங்க வர்றாங்க. 1991ல ஜப்பானின் சசகாவா அறக்கட்டளை ஒரு திட்டம் தொடங்கிச்சு. ஹிரோஷிமா, நாகசாகி டாக்டர்கள் கூட நின்னாங்க. அஞ்சு ஊர்ல அஞ்சு மையம், ஸ்கேன் கருவி வச்ச அஞ்சு பஸ். 1996 வரைக்கும் ஊர் ஊராப் போய் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பரிசோதிச்சாங்க. கழுத்துல ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பதிவேட்டுல எழுது, அடுத்த குழந்தை. இதை யாராவது சினிமா எடுப்பாங்களா? மாட்டாங்க.

ஆனா இந்த மாதிரி வேலையோட பலனைப் பாருங்க. அதே ஜப்பான் டாக்டர்களும் உள்ளூர் டாக்டர்களும் பின்னாடி கோமெல் பகுதியில செஞ்ச ஆய்வு 2001ல வந்தது. விபத்துக்கு முன்னாடி, 1983லிருந்து பிறந்த 9,720 பேரைப் பாத்தாங்க. 31 பேருக்குத் தைராய்டு புற்றுநோய். விபத்து முடிஞ்சு 1987லிருந்து 1989 வரை பிறந்த 9,472 பேர்ல? ஒருத்தருக்குக்கூட இல்லை. எட்டு நாள் அரை ஆயுள் உள்ள அந்த அயோடின் பக்கம் விரல் நீட்டுற சாட்சி இதைவிட வேற என்ன வேணும்? மஜ்ஜை மாற்றுல வராத தெளிவு, பதிவேடு எழுதினதுல வந்தது.

அடுத்தவர் அகிரா சுகெனோயா. ஜப்பான்ல ஷின்ஷு பல்கலைக்கழகத்துல தைராய்டு அறுவை மருத்துவர். 1991லிருந்து பெலாரஸ் போய் வந்துட்டிருந்தார். அறுவை சிகிச்சை முடிஞ்ச குழந்தைங்க கழுத்துல பெரிய தழும்பு. பெண் குழந்தைக்கு அது என்ன அர்த்தம்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐம்பது வயசைத் தாண்டின மனுஷன் வேலையை விட்டுட்டு, 1996ல மின்ஸ்க் போய் அஞ்சரை வருஷம் தங்கிட்டார். தானும் அறுவை செஞ்சு, உள்ளூர் டாக்டர்களுக்கும் கத்துக் குடுத்தார். பின்னாடி மட்சுமோட்டோ நகரத்துக்கு மேயரே ஆனார், அது தனிக் கதை.

மூணாவது கியூபா. 1990 மார்ச்ல முதல் விமானத்துல 139 குழந்தைங்க வந்து இறங்கினாங்க. ஹவானா பக்கத்துல தராரா கடற்கரையில தங்கவச்சு இலவசமா வைத்தியம். அடுத்த வருஷமே சோவியத் உடைஞ்சு கியூபாவே சோத்துக்குத் திண்டாடுச்சு. "மன்னிக்கணும், பட்ஜெட் இல்லை"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. 2011 வரை 25,000க்கும் அதிகமானவங்களைப் பாத்தாங்க. வந்தவங்க எல்லாருடைய நோய்க்கும் கதிர்வீச்சுதான் காரணம்னு சொல்ல முடியாது, அரசியல் லாபமும் இருந்திருக்கும். இருக்கட்டுமே. இருபத்தோரு வருஷம் கதவைத் தொறந்தே வச்சிருந்தாங்கல்ல?

"அப்ப எல்லாரையும் வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிட்டே இருந்தா போதுமா?"ன்னு கேக்கலாம். அங்கயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 2011ல ஃபுகுஷிமா விபத்துக்கப்புறம், முதல் சுற்றுல மட்டும் சுமார் 3 லட்சம் பேருக்கு ஸ்கேன் எடுத்தாங்க. நூத்துக்கும் மேல புற்றுநோயோ, சந்தேகமோ வந்தது. ஆனா அங்க குழந்தைங்க வாங்கின டோஸ் செர்னோபிலைவிட ரொம்பக் குறைவு. கூர்மையான கருவி வச்சுத் தேடினதால, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராத கட்டிகளும் சிக்கியிருக்குன்னு ஐ.நா. அறிவியல் குழு சொல்லுது. 2018ல சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் நிபுணர் குழு, ஊர் முழுக்க ஸ்கேன் வேண்டாம், அதிக டோஸ் வாங்கினவங்களுக்கு மட்டும் நீண்டகாலக் கண்காணிப்பு குடுக்கலாம்னு பரிந்துரைச்சது. ஸோ, நல்ல மனசு மட்டும் பத்தாது. யாருக்கு எது தேவைன்னு கண்டுபிடிக்கவே அந்த ஊர்ல உக்காந்து வேலை பாக்கணும்.

இப்ப என் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன தன்னார்வக் குழுவுக்கு நோயாளிகள் பதிவேட்டு மென்பொருள் எழுதித் தர்றேன்னு மார்தட்டினேன். கதிர்வீச்செல்லாம் இல்லை, சாதாரண சர்க்கரை நோய் முகாம். ரெண்டு வாரத்துல எழுதி முடிச்சு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து... மூணாவது மாசம் ஏதோ பக்னு கூப்பிட்டாங்க. ரிலீஸ் நேரம், "அடுத்த வாரம் பாக்கறேன் மேடம்"னேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரலை. அவங்க மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கே போயிட்டாங்கன்னு பின்னாடி தெரிஞ்சது. யோசிச்சா, என்னை நம்பாம இருந்திருந்தா அவங்களுக்கு மூணு மாசம் மிச்சம்.

அதனாலதான் இவ்வளவு எழுதறேன். தைராய்டு எடுத்த குழந்தை ஆயுசு முழுக்கத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடணும். அளவு சரியான்னு ரத்தத்துல பாத்துட்டே இருக்கணும். 1986ல பால் குடிச்ச குழந்தைக்கு இன்னிக்கு நாப்பது வயசு சொச்சம். அவங்களுக்கு இப்ப யாரும் விமானத்துல பறந்து வர வேண்டாம். மாத்திரை தீராம இருக்கணும், பழைய ரிப்போர்ட் தொலையாம இருக்கணும், கூப்பிட்டா யாராவது போன் எடுக்கணும். கதிர்வீச்சு மருத்துவ உதவின்னா முக்கால்வாசி இதுதான்.

அந்தப் பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்ப போக வேண்டாங்கறீங்களா?"ன்னான். போ, ஆனா ரிட்டர்ன் டிக்கெட் போடாம போன்னேன். முறைச்சுட்டுத் தயிர்சாதத்தைத் தொடர்ந்தான்.

நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே? ஆரம்பிச்சு பாதியில விட்ட சேவை யார் யாருக்கு இருக்கு? தைரியமா பின்னூட்டத்துல சொல்லுங்க, நான்தான் முதல் குற்றவாளியாச்சே.

பி.கு: இந்தப் பதிவை எழுதி முடிச்சதும் அந்த மேடத்துக்குப் போன் போட்டேன். வர்ற சனிக்கிழமை நோட்டுப் புத்தகங்களோட உக்காரலாம்னு சொன்னாங்க. திட்டலை. திட்டியிருந்தா கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.