டாக்ஸ் என்னும் புழுவும் ஆணையத்தின் பொய்யும்

ஸ்டார் ட்ரெக் உலகில் ட்ரில் என்றோர் இனம் உண்டு. அவர்களில் மிகச் சிலர் மட்டும் தம் வயிற்றுக்குள் ஒரு புழுவைச் சுமக்கிறார்கள். அது ஒட்டுண்ணி அன்று. நூற்றாண்டுக் கணக்கில் வாழும் அறிவுள்ள உயிர். சுமப்பவர் இறக்கும் தறுவாயில் அது இன்னோர் உடலுக்கு மாற்றப்படும். பழைய வாழ்வுகளின் நினைவும் ஆசையும் பகையும் அதனுடனேயே இடம்பெயரும். கூடுவிட்டுக் கூடு பாய்தல்தானே இது என்று நம்மவர்க்கு உடனே சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால், திருமூலர் புகுந்தது உயிர் நீங்கிய இடையனின் உடலில். இங்கோ வீட்டில் ஆள் இருக்கும்போதே இன்னொருவர் குடியேறுகிறார். இருவரும் கலந்து மூன்றாம் ஒருவர் ஆகிறார்.

1993 முதல் 1999 வரை ஒளிபரப்பான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் ஜாட்சியா டாக்ஸ் அப்படிப்பட்டவர். டாக்ஸ் என்பது புழுவின் பெயர். இந்தப் பாத்திரத்தைப் பற்றிய பேச்செல்லாம் நினைவு, அடையாளம், முற்பிறவிக் காதல் என்றே சுற்றிவருகிறது. 1995இல் இரு பெண்கள் முத்தமிட்டுக்கொண்ட அத்தியாயத்தைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாயிற்று. எனக்கோ, அந்தப் புழு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விதான் தொடரின் ஆழமான இடமாகப் படுகிறது. எழுதியவர்களே அதைத் தொட்டுவிட்டு அஞ்சி விலகிவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

புழுவைப் பெறுவதற்கு ஓர் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பல ஆண்டுப் பயிற்சி, தேர்வு, நேர்காணல் எல்லாம் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கே உடல் பொருந்தும் என்பது ஆணையம் சொல்லும் கணக்கு. 1993இல் வந்த ஓர் அத்தியாயத்தில், தகுதியற்றவர் என்று விலக்கப்பட்ட வெராட் என்பவர் ஆயுதமேந்திய ஆட்களோடு வந்து ஜாட்சியாவின் உடலிலிருந்து டாக்ஸைப் பறித்துக்கொள்கிறார். கூனிக் குறுகி நின்ற மனிதர் புழு உள்ளே சென்றதும் நிமிர்ந்து பேசுவதைப் பார்த்து நமக்கு எரிச்சலே வருகிறது. புழு மீட்கப்பட்டதும் நிம்மதி அடைகிறோம்.

அடுத்த ஆண்டு வந்த 'ஈக்விலிப்ரியம்' என்ற அத்தியாயம் இந்த நிம்மதியைக் குலைக்க வேண்டியது. ஜோரன் என்ற இசைக்கலைஞன் முன்பு ஆறு மாத காலம் டாக்ஸைச் சுமந்திருக்கிறான். அவன் ஒரு கொலைகாரன். பொருந்தாத உடலைப் புழு சில நாள்களில் நிராகரித்துவிடும் என்ற கூற்றுக்கு அவனே மறுப்பு. ஆகையால் அவன் நினைவையே டாக்ஸிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். உண்மையில் ட்ரில் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் புழுவைச் சுமக்கக்கூடியவர்கள்! வெளியே தெரிந்தால் புழுக்கள் சந்தைச் சரக்காகிவிடும் என்பது ஆணையத்தின் பதில். அந்த அச்சம் வெற்று அச்சம் அன்று. வெராட்டே அதற்குச் சாட்சி. ஆனால், உடல்தான் இடம்தராது என்ற பொய்யின் நிழலில், தேர்வு நடத்துபவர்களின் விருப்புவெறுப்பை யாரும் கேள்வி கேட்க முடியாமல் போகிறது. நிலைய அதிகாரி சிஸ்கோ இந்த உண்மையை ஜாட்சியாவின் உயிருக்கு ஈடாக வைத்துப் பேரம் பேசுகிறார். அவர் பிழைத்துக்கொள்கிறார்; ரகசியம் மூடப்படுகிறது. தொடர் அதை மறுபடி திறக்கவே இல்லை.

ஜாட்சியாவும் ஒருமுறை அதே பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டவர்தான். விலக்கியவர் டாக்ஸை முன்பு சுமந்த கர்ஸன். காரணம் 1995இல் வெளிப்படுகிறது: கிழவருக்கு அந்தப் பெண்மீது காதல். தகுதி மதிப்பீடு என்ற பெயரில் இப்படியும் நடக்கும் என்றால் வெராட்டுக்கு என்ன நேர்ந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா? அந்த அத்தியாயமோ கர்ஸனை மன்னித்துச் சிரிப்போடு முடிகிறது.

1998இல் ஜாட்சியா கொல்லப்பட்டபின் புழு எஸ்ரி என்ற இளம்பெண்ணிடம் சேர்கிறது. புழுவைத் தாயகம் கொண்டுசென்ற கப்பலில் அதன் உயிருக்கு ஆபத்து நேர்கிறது. அங்கிருந்த ஒரே ட்ரில் அவர்தான். விண்ணப்பமும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஆசையும் இல்லை. எந்த முன்னாள் நினைவு தன்னுடையது என்றே தெரியாமல் தடுமாறுகிறார். பிறகு ஒருவாறு சமாளித்து வாழ்ந்துவிடுகிறார். வாழ்நாளெல்லாம் அதற்கென்றே தன்னைத் தயாரித்துக்கொண்ட வெராட்டையும் இவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒரு வசனம்கூட என் கண்ணில் படவில்லை.

2020இல் வந்த 'டிஸ்கவரி'யின் மூன்றாம் பருவம் பல நூற்றாண்டுகள் தள்ளி நடக்கிறது. ஒரு பேரழிவுக்குப் பிறகு, புழுக்களைச் சுமக்கத் தகுந்த ஆள்கள் போதவில்லை என்று ட்ரில் தலைவர்கள் கவலைப்படுகிறார்கள். புழுவோடு வந்து நிற்கும் அடிரா மனித இனம் என்பதால் அவர்களில் சிலர் ஏற்க மறுக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பொருந்தும் என்று சிஸ்கோ அறிந்த உண்மை அத்தனை நூற்றாண்டு கழித்தும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை போலும்.