திடல் யாருக்கு?

காலிமுகத்திடல் காற்று வாங்குவதற்கே உரியது, கூட்டமும் கோஷமும் அங்கே ஆகா என்று உபதேசிக்கும் கனவான்கள் இன்றும் உளர். வெல்லாவெளியில் வயல் செய்து வாழும் நமக்குக் கொழும்புத் திடலைப் பற்றி என்ன கவலை என்று கேட்போரும் உளர். இரு சாராருக்கும் சரித்திரமே விடை கூறும்.

தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் 1859இல் இத்திடலின் கடலோர நடைபாதையை நிறைவுசெய்தார். கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்குமாக அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லிற் பொறித்து வேண்டினார். உழைத்துக் களைத்தோரை அக்கல் குறிப்பிடவில்லை. அவர்கள் அழைப்பின்றியே வந்து அமர்ந்தனர்.

1956 ஜூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து அங்கே சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர். சில நாட்களுள் அவ்வெறி நம் அயலிலுள்ள கல்லோயாப் பள்ளத்தாக்கிலும் உயிர் குடித்தது. அத்திடல் நமக்கு அந்நிய நிலமா?

அதே புல்வெளியில் 2022 ஏப்ரல் 9 முதல், தட்டுப்பாடும் விலையேற்றமும் துரத்த, மக்கள் திரண்டனர். மே 18இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைவுகூர்ந்தனர். அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நாம் அடிபட்ட இடத்தில் நம் துயரத்திற்கும் இடம் கிடைத்தது. ஜூலை 22 அதிகாலையில் படையினர் கூடாரங்களைப் பிடுங்கியெறிந்தனர்.

மாளிகையும் பத்திரிகையும் உடையோர் எங்கும் பேசுவர். ஏதுமற்றோருக்குத் திடலே மண்டபம். அங்கே பட்டம் விடும் பிள்ளைக்குள்ள உரிமை, நீதி கேட்கும் தாய்க்கும் உண்டு. அவ்வுரிமையை மறுக்கும் எந்த ஆணையையும் நாம் ஏற்கோம். கொழும்பு நகரத்தாரோடு மட்டக்களப்பு உழவரும் அத்திடலைக் காக்கக் குரலெழுப்புதல் வேண்டும்.