டெலிபோனில் வரும் வேஷதாரிகள்

போலீஸ் உடை தரித்து, நீதிஸ்தலத்தின் முத்திரையையும் காட்டி, வயோதிகர்களின் ஆயுட்காலச் சேமிப்பைக் கொள்ளையிடும் கூட்டமொன்று தேசமெங்கும் பரவி நிற்கிறது. 'டிஜிட்டல் கைது' என்பது இம்மோசத்தின் பெயர். ஹரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த வயோதிகத் தம்பதிகள், சுப்ரீம் கோர்ட்டின் பெயரால் சிருஷ்டிக்கப்பட்ட போலி உத்தரவுகளை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அவர்கள் முறையீட்டின்மீது சுப்ரீம் கோர்ட்டார் 2025 அக்டோபரில் தாமே வழக்கை மேற்கொண்டு, டிசம்பர் 1-ந் தேதி, இத்தகைய குற்றங்களை விசாரிக்குமாறு ஸி.பி.ஐ.க்கு உத்தரவிட்டனர்.

அம்பாலா எங்கே, சாணார்பட்டி எங்கே என்று நாம் அசட்டையாயிருத்தல் தகாது. டெலிபோனுக்குத் தூரமென்பதில்லை. பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, பெற்றோர் மட்டும் வீடு காக்கும் குடும்பங்கள் நத்தம் சாலைக் கிராமங்களிலும் உண்டு. மாம்பழம் விற்ற பணமாயினும் பென்ஷன் தொகையாயினும், கள்வனுக்கு எல்லாம் ஒன்றே.

நமது சட்டத்தில் டெலிபோன் மூலம் கைது என்பதே கிடையாது. வழக்கிலிருந்து விடுவிப்பதாகக் கூறிப் பணம் அனுப்பச் சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. "ஒருவரிடமும் சொல்லாதே" என்று அவன் கட்டளையிடுவானாயின், அவன் கள்வனென்பதற்கு அதுவே சாட்சி. உடனே பேச்சை நிறுத்துக. அண்டை வீட்டாரை அழைத்துச் சொல்லுக. சந்தேகமிருப்பின் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் சென்று விசாரிக்க. பணம் போய்விட்டதாயின் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கும், பாங்கிக்கும் அறிவிக்க. பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த அதுவே வழி.

ஆனால், ஏமாந்த முதியோர் வாய் திறப்பதில்லையே, ஏன்? "இந்த வயதில் புத்தி எங்கே போயிற்று?" என்று வீட்டார் வைவார்களென்ற அச்சமே காரணம். சுப்ரீம் கோர்ட்டின் முத்திரையைக் கண்டு மயங்குவது முதுமையின் பேதைமையன்று. படித்த உத்தியோகஸ்தர்களும் இவ்வலையில் வீழ்ந்திருக்கின்றனர். வெட்கத்தால் மௌனமாயிருக்கும் ஒவ்வொரு நாழிகையும் திருடனுக்கு லாபம். வீட்டாரின் வசவு அவனுக்குச் செய்யும் உபகாரமேயாகும்.

ஆகவே, கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் ஊராட்சி நிர்வாகத்தார் இதனை எல்லோருக்கும் எடுத்துரைக்க வேண்டும். பதற்றத்துடன் பெருந்தொகை அனுப்பவரும் முதியவரைப் பாங்கிச் சிப்பந்திகள் அமர்த்தி, அன்புடன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் கூறுவது ஒன்றே: இன்றே பெற்றோரிடம் பேசுங்கள். நாளை அவர்கள் நடுங்கிய குரலில் அழைப்பார்களாயின், "அப்பா, சொன்னது நல்லதாயிற்று" என்பதே உங்கள் முதல் வார்த்தையாயிருக்கட்டும்.