‘படிக்க மட்டும்’ என்பது பூட்டு அன்று

கணினிக் கோப்பொன்றில் ‘படிக்க மட்டும்’ என்ற குறி இருந்தால் அதன் உள்ளடக்கம் திருத்தப்படவில்லை என ஏற்றுக்கொள்ளும் வழக்கம் கல்விப்புலத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அது தவறான வழக்கம். திருத்த விரும்புவோருக்கு மிக வசதியான தவறு.

1988-இல் ஐபிஎம் வெளியிட்ட ஏஎஸ்/400 என்னும் நடுத்தர வகைக் கணினியையே எடுத்துக்கொள்ளலாம். இன்று ஐபிஎம் ஐ என வழங்கும் அதன் இயங்குதளம் பாதுகாப்புக்குப் பெயர்பெற்றது. அங்கும், ஒருங்கிணைந்த கோப்பு முறைமையிலுள்ள ஒரு கோப்பின் ‘படிக்க மட்டும்’ குறியை நீக்க சிஎச்ஜிஏடிஆர் என்ற ஒற்றைக் கட்டளை போதும். உரிய அனுமதியுள்ள நிரலும் இதைச் செய்யும்: குறியை நீக்கும், உள்ளடக்கத்தை மாற்றும், குறியை மீண்டும் இடும். கடைசித் திருத்த நேரத்தையும் பழையபடி வைத்துவிட வழி உண்டு. பிறகு வந்து பார்ப்பவருக்குக் குறி மட்டுமே தெரியும்.

‘அனுமதி பெற்றவர் மட்டும்தானே இதைச் செய்ய இயலும்?’ என்பர். சிக்கலே அங்குதான். 2009 சனவரி 7-இல் வெளிப்பட்ட சத்யம் மோசடியில் வெளியாள் எவரும் நுழையவில்லை. விலைப்பட்டியல் மென்பொருளில் உயரதிகாரம் பெற்ற பயனருக்கெனத் தனிக் குறி இருந்தது. போலிப் பட்டியல்கள் அதன் வழியே பிறர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டன. உள்ளிருப்பவரிடமிருந்து பதிவைக் காக்காத குறி வேறு யாரிடமிருந்து காக்கிறது?

காப்பது தடம். கோப்பை ஜர்னலில் இணைத்தால் உள்ளடக்க மாற்றங்கள் பதிவாகும். தணிக்கைப் பதிவை இயக்கினால் யார் எப்போது தொட்டார் என்பதும் தெரியும். ஆனால் அப்பதிவுகளும் அதே நிர்வாகியின் கையிலேயே இருந்தால் பயனில்லை. அவை வேறொரு கணினிக்கு, வேறொருவர் பொறுப்புக்குச் செல்ல வேண்டும். வைப்பின் தீவில் 1341-ஐத் தொடக்கமாகக் கொண்டு வழங்கிய புதுவைப்பு ஆண்டுக்கணக்கை எவரும் பூட்டி வைக்கவில்லை. பலர் வழக்கில் இருந்ததால் தனியொருவரால் அதை மாற்ற இயலவில்லை.

இந்திய நிறுவனச் சட்ட விதிகள் இதை ஓரளவு உணர்ந்துள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிய வேண்டும். அவ்வசதியை முடக்க இயலாதபடி இருக்க வேண்டும். இரு முறை தள்ளிப்போடப்பட்டே இது நடைமுறைக்கு வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. மானியக்குழுவின் 2018-ஆம் ஆண்டு நேர்மை விதிமுறைகள் எழுத்துத் திருட்டை ஒப்புமை விழுக்காட்டால் அளந்து தண்டனையைப் படிநிலைப்படுத்துகின்றன. ஆய்வுத் தரவுக் கோப்பு எப்போது, எவரால் மாற்றப்பட்டது என்ற கேள்விக்கு அவ்வளவுகோலில் இடமில்லை. பத்து விழுக்காட்டு ஒப்புமைக்கு எல்லை வகுத்தவர்கள் ஒரு அட்டவணையின் பத்து எண்கள் மாறுவதைக் கண்டுகொள்ளவில்லை. துறைத்தலைவரின் கணினியில் ‘படிக்க மட்டும்’ குறியுடன் கிடக்கும் தரவைச் சான்றாக ஏற்கும் மதிப்பீட்டுக் குழு, அக்குறியை நீக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்றும் அதன் திருத்தத் தடம் யாரிடம் இருக்கிறது என்றும் முதலில் கேட்கட்டும்.